கணக்கு எழுதப் பிறந்த தட்டு

லேப்டாப்புக்குள் இருந்து "டிக்... டிக்..." என்று சத்தம் வந்தால் அது கடிகாரம் இல்லை நண்பர்களே, ஹார்ட் டிஸ்க் சாகக் கிடக்கிறது என்று அர்த்தம்! அண்ணனிடமிருந்து எனக்கு வந்த பழைய லேப்டாப்பில் போன மாதம் இதுதான் நடந்தது. செமஸ்டர் ப்ராஜெக்ட் முழுவதும் அதற்குள். அவசர அவசரமாகக் காப்பி எடுத்துவிட்டு, பழைய டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. மாட்டினேன். நாலு ஸ்க்ரூ, அவ்வளவுதான். இத்தனை சுலபமாக மாற்ற முடிவது எப்படி என்று தேடிப் படித்தபோது கிடைத்ததுதான் இந்தச் சரித்திரம். காமர்ஸ் மாணவர்களுக்கு இதில் ஒரு சொந்தமும் உண்டு.

உலகின் முதல் ஹார்ட் டிஸ்க், 1956 செப்டம்பரில் ஐபிஎம் அறிவித்த ராமாக் கணினியோடு வந்தது. கலிபோர்னியாவின் சான் ஹொசே ஆய்வுக்கூடத்தில் ரெனால்ட் ஜான்சன் தலைமையில் உருவாக்கினார்கள். 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள், ஒரு டன்னுக்கு மேல் எடை. கொள்ளளவு? 50 லட்சம் எழுத்துகள். இன்றைய கணக்கில் 4 எம்பி கூட இல்லை, ஒரு சினிமாப் பாட்டுக்கே காணாது! அந்தக் கணினிக்கு மாத வாடகை 3,200 டாலர்.

இவ்வளவு செலவு எதற்கு? ராமாக் என்ற பெயரின் விரிவிலேயே 'கணக்கியல்' என்ற சொல் இருக்கிறது. அதுவரை கணக்குகள் பஞ்ச் கார்டிலும் காந்த நாடாவிலும் இருந்தன. நாடாவின் நடுவில் இருக்கும் ஒரு வாடிக்கையாளரின் பாக்கியைப் பார்க்க, முதலிலிருந்து ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அதனால் வவுச்சர்களைச் சேர்த்து வைத்து, வரிசைப்படுத்தி, மொத்தமாகத்தான் பதிவார்கள். தட்டு வந்த பிறகு வேண்டிய பக்கத்துக்கு நேராகப் போகலாம். விற்பனை நடந்த உடனே லெட்ஜரில் ஏற்றலாம். ஆக, ஹார்ட் டிஸ்க் பிறந்ததே கணக்கர்களின் காத்திருப்பைக் குறைக்கத்தான்.

பிறகு தட்டு சுருங்கிக்கொண்டே வந்தது. 1980ல் சீகேட் 5.25 அங்குலத்தில் 5 எம்பி டிஸ்க் கொண்டுவந்தது. 1988ல் ப்ரெய்ரிடெக் என்ற நிறுவனம் 2.5 அங்குலத்தில் 20 எம்பி டிஸ்க் செய்தது. அந்த 2.5 அங்குலமே லேப்டாப்புகளுக்கு வழக்கமான அளவாகிவிட்டது.

ஆனால் ஒன்று மட்டும் மெதுவாகவே நகர்ந்தது... சுழலும் வேகம்! ராமாக் தட்டு நிமிடத்துக்கு 1,200 சுற்று. லேப்டாப்புக்கான 7,200 சுற்று டிஸ்க்கை ஹிட்டாச்சி கொண்டுவந்தது 2003ல், 60 ஜிபி அளவில். அதாவது 47 வருடத்தில் கொள்ளளவு பதினாறாயிரம் மடங்கு ஏற, வேகம் ஏறியது வெறும் 6 மடங்கு. என்னுடைய பழைய டிஸ்க் 5,400 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி ஆகும். தேவையான இடம் தலைக்குக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும், தலையும் நகர வேண்டும். சிதறிக் கிடக்கும் ஃபைல்கள் என்றால் விநாடிக்கு நூறு இடத்தைக்கூடத் தொட முடியாது. வேகமாகச் சுற்றினாலோ சூடு, சத்தம், பேட்டரி தீர்ந்துவிடும். போதாக்குறைக்கு, தட்டின் மேல் காற்றில் மிதக்கும் அந்தத் தலை ஒருமுறை உரசினால் டேட்டா காலி.

தீர்வு சுழலாத ஒன்றிலிருந்து வந்தது. ஜப்பானில் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா குழுவினர் 1987ல் நாண்ட் ஃப்ளாஷ் நினைவகத்தை வெளியிட்டார்கள். 2006ல் சாம்சங் 32 ஜிபி ஃப்ளாஷ் டிஸ்க்குடன் லேப்டாப் விற்றது. எஸ்.எஸ்.டி. தயாரித்தவர்கள் அதே 2.5 அங்குலப் பெட்டியையும் அதே சாட்டா இணைப்பையும் விடாமல் வைத்துக்கொண்டதால்தான், பல வருடப் பழைய லேப்டாப்பில்கூட அது அப்படியே உட்காருகிறது.

இப்போது என் லேப்டாப் பட்டென்று திறக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் ஒரு பயமும் இருக்கிறது. பழைய டிஸ்க் "டிக் டிக்" என்று சொல்லிவிட்டுச் செத்தது. எஸ்.எஸ்.டி.யில் சத்தம் போட ஓடும் பாகமே இல்லை. ஒருநாள் காலையில் சொல்லாமல் போய்விடலாம். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு என்று படிக்கிறோமே, ஒவ்வொரு ஃபைலுக்கும் வேறொரு இடத்தில் ஒரு காப்பி இருக்கட்டும். இன்றைக்கே எடுத்து வையுங்கள்!