மன்றாட்டு: பிறருக்காக எழுந்து நிற்கும் சொல்

ஆகஸ்ட் 29 அன்று அடையாறு பக்கத்துச் சாலைகளில் காவி உடைகள் நிறைந்துவிடும். பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி திருத்தலத்தில் அன்று மாலை கொடியேற்றம். நகரின் பல மூலைகளிலிருந்து செருப்பில்லாத கால்கள் எலியட்ஸ் கடற்கரையை நோக்கி வந்துகொண்டே இருக்கும். மரியாளின் பிறந்தநாளான செப்டம்பர் 8 வரை திருவிழா நடக்கும். நடப்பவர்களோடு கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு பேச்சு திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. தண்ணீர் கொடுப்பவர் சொல்கிறார், வாசலில் நிற்கும் பாட்டி சொல்கிறார்: "எங்களுக்காகவும் வேண்டிக்கோங்க." கேட்பவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. நடப்பவரும் அப்படித்தான்.

தெருவில் 'வேண்டிக்கொள்வது' எனப்படும் இந்தச் செயலுக்குக் கோயிலுக்குள் இன்னொரு பெயர் உண்டு: மன்றாட்டு. முன்பு 'தேவமாதா பிரார்த்தனை' என்று சொல்லப்பட்டது இப்போது 'மாதா மன்றாட்டுமாலை' ஆகியிருக்கிறது. ஞாயிறு திருப்பலியில் மறையுரையும் நம்பிக்கை அறிக்கையும் முடிந்ததும் வருவது 'நம்பிக்கையாளர் மன்றாட்டு'. பிறருக்காகக் கடவுளிடம் கேட்பதற்குத் தமிழ்க் கத்தோலிக்கர் இந்தச் சொல்லைத் தேர்ந்துகொண்டது பெரும் பேறு என்று நான் நினைக்கிறேன். காரணம் சொல்லின் பழைய வாழ்க்கையில் இருக்கிறது.

மன்று என்பது ஊரார் கூடும் பொதுவெளி. ஆநிரை வந்து நிறையும் இடமும் மன்றுதான். மன்றில் மரநிழல் இருக்கும்; அங்கே ஊர் வழக்குகள் பேசித் தீர்க்கப்படும். உரையாடு, வாதாடு, போராடு என்பவற்றில் வரும் 'ஆடு' ஒரு செயலில் முழுதாக ஈடுபடுவதைக் காட்டுகிறது. அப்படியானால் மன்றாடுதல் என்பது மன்றில் நின்று வழக்கைப் பேசுதல். வழக்குரைத்தல், இரந்து கேட்டல் என்னும் இரண்டு பொருளையும் அகராதிகள் தருகின்றன. இன்றைய செய்தித்தாளில் இரண்டாவது மட்டுமே மிஞ்சியிருக்கிறது: யாரோ உயிர்ப்பிச்சை கேட்டு மன்றாடுகிறார். எழுந்து நின்று பேசியவன் காலில் விழுந்தவனாகிவிட்டான். மன்றமோ அரசோடு போய்விட்டது. உயர் நீதிமன்றம், சட்டமன்றம், சென்னை மாநகராட்சியின் மாமன்றம் என்று அது பெருகியது. அங்கே நடப்பதை யாரும் மன்றாட்டு என்று சொல்வதில்லை.

இதே வேரில் பிறந்த 'மன்றாடி' வேறு திசையில் போனது. பொன்னம்பலத்தில் ஆடும் சிவனுக்கு அது பெயர். சோழர் காலக் கல்வெட்டுகளிலோ மன்றாடி என்பவர் இடையர். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் கொடுக்கப்பட்டன. அவற்றை ஏற்றுக்கொண்டவர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். விளக்குக்குக் கொடுத்தவர் ஒருவர், அது அணையாமல் காத்தவர் வேறொருவர். யாரோ ஒருவரின் வேண்டுதலைத் தினமும் தன் உழைப்பால் எரியவைத்தவருக்கு மன்றாடி என்று பெயர் இருந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது. பெயர்ப் பொருத்தம் தற்செயலாகவே இருக்கட்டும். பிறருக்காக வேண்டுகிறவர் செய்வதும் அந்த வேலைதான்.

சிலப்பதிகாரம் புகார் நகரின் ஐந்து மன்றங்களைச் சொல்கிறது. அவற்றுள் இலஞ்சி மன்றத்தில் ஒரு பொய்கை; கூனரும் ஊமையரும் செவிடரும் தொழுநோயாளரும் அதில் முழுகி நலம் பெற்றார்கள். பாவை மன்றத்தில் ஒரு சிலை. அரசன் கோல் கோணினாலும் அறங்கூறும் அவை ஒருபக்கம் சாய்ந்தாலும் அது வாய் பேசாமல் கண்ணீர் சிந்தும். அந்தப் புகாருக்குத் தெற்கே அதே கடற்கரையில்தான் வேளாங்கண்ணி இருக்கிறது. பெசன்ட் நகர் திருத்தலம் பெயரைப் பெற்றது அங்கிருந்து. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. நோயுற்றவரும் நீதி கிடைக்காதவரும் கூடும் வெளிக்கு மன்றம் என்று பெயரிட்ட மொழி, பல நூற்றாண்டு கழித்து அவர்களுக்கான வேண்டலுக்கு அந்த வேரையே எடுத்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

விவிலியத்திலும் இந்த வேண்டல் வழக்காடுவதுபோலவே தொடங்குகிறது. சோதோம் அழியப்போகிறது என்று கேட்டதும் ஆபிரகாம் கடவுளின் முன்னே நின்று பேரம் பேசுகிறார்: நீதிமான்கள் ஐம்பது பேர் இருந்தால்? நாற்பத்தைந்து? நாற்பது, முப்பது, இருபது என்று இறங்கிப் பத்தில் நிற்கிறார். அது அவர் வாழ்ந்த ஊர்கூட இல்லை. நீதி செய்பவரிடமே நீதியை நினைவூட்டும் அந்தத் துணிவுக்கு 'இரத்தல்' போதாது. 'மன்றாடல்' சரியாகப் பொருந்தும். திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகம் எல்லாருக்காகவும் வேண்டச் சொல்லும் இடத்தில் வருகிற கிரேக்கச் சொற்களில் ஒன்று 'என்தெயூக்சிஸ்'. எகிப்தைத் தாலமி அரசர்கள் ஆண்ட காலத்தில் குடிமக்கள் அரசனுக்கு எழுதிய முறையீட்டுக்கு அதுவே பெயர். யோவான் எழுத்துகளில் வரும் 'பரக்லேத்தோஸ்' என்பவர் வழக்கில் அகப்பட்டவரின் பக்கத்தில் வந்து நிற்கும்படி அழைக்கப்பட்டவர். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ஓரிடத்தில் அவரைப் பரிந்து பேசுகிறவர் என்கிறது.

'பரிந்து பேசுதல்' அருமையான ஆட்சி. பரிவு முதலில், பேச்சு பிறகு. அதிலிருந்து வந்த 'பரிந்துரை'யை அலுவலகங்கள் சிபாரிசுக்கு எடுத்துக்கொண்டுவிட்டன. 'ஜெபம்' வாய்க்குள் முணுமுணுக்கும் வடமொழி ஜபத்திலிருந்து வந்தது, தனியறையின் சொல். ஆயினும் சீர்திருத்தத் திருச்சபையார் அதையும் பிறருக்காகத் திறந்துவைத்திருக்கிறார்கள். ஊழியரிடம் கொடுக்கும் ஜெபக்குறிப்பில் அநேகமாக வேறொருவர் பெயர்தான் இருக்கும். இறைவாக்கினர் எசேக்கியேல் சொன்ன இடிந்த மதிலை நினைத்து, பிறருக்காக ஜெபிப்பதை 'திறப்பில் நிற்பது' என்கிறார்கள். அங்கும் நிற்றல்தான்.

திருப்பலியிலும் இந்த நிற்றலுக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் புனித யுஸ்தின் எழுதிய விளக்கத்திலேயே சபை எழுந்து எல்லாருக்காகவும் வேண்டியது பதிவாகியிருக்கிறது. பிறகு உரோமை வழிபாட்டிலிருந்து அது மெல்ல மறைந்தது. பெரிய வெள்ளிக்கிழமையில் மட்டும் தங்கியது. 1963 டிசம்பர் 4 அன்று வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டு ஏடு அதை மீட்டுத் தந்தது. திருச்சபைக்காக, ஆட்சியாளருக்காகவும் உலகுக்காகவும், துன்புறுவோருக்காக, உள்ளூர்ச் சபைக்காக என்று வரிசை. மன்றாட்டை வாசிக்கப் பொதுநிலையினர் எழுந்து வரலாம். சபை எழுந்து நின்று ஒரே குரலில் பதில் சொல்லும். ஊர்ப் பொதுவில் நடந்த மன்றாடல், இழந்த பெயரோடு, இழந்த வடிவத்தோடு, இங்கே திரும்பி வந்திருக்கிறது.

ஆகவே ஒருவர் அச்சிட்ட தாளை அவசரமாக வாசித்துவிட்டு இறங்கும்போது எனக்கு வலிக்கிறது. 'துன்புறும் அனைவருக்காகவும்' என்பது யாரையும் பார்க்காத வாக்கியம். மன்றில் நிற்பவர் வழக்கு தெரிந்து நிற்க வேண்டும். வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகும் மூன்றாம் தெரு அண்ணன், கடலுக்குப் போக முடியாத நாட்களில் குப்பத்து அடுப்புகள், பரீட்சையில் தோற்று வெளியே வராத பிள்ளை: இவை தெரிந்தால்தான் அது மன்றாட்டு. தெரிந்தபின் வேண்டுவதோடு நிற்கவும் முடியாது. கால் தானாக அந்த வீட்டுக்குப் போகும்.

தெருச்சொல்லுக்குத் திரும்புகிறேன். வேண்டு என்றால் விரும்பு, தேவைப்படு. 'கொள்' என்ற துணைவினை செயலைச் செய்பவர் பக்கமே திருப்பும்: எடுத்துக்கொள், வைத்துக்கொள். இலக்கணப்படி பார்த்தால் வேண்டிக்கொள்வது தனக்காக இருக்க வேண்டும். ஆனால் தமிழில் 'உனக்காக வேண்டிக்கொள்கிறேன்' என்கிறோம். உன் தேவையை என் தேவையாக எடுத்துக்கொண்டேன் என்பதே அந்தத் தொடர் சொல்வது. கொடியேற்ற நாளில் வாசலில் நின்ற பாட்டிக்கு, நடப்பவர் தலையசைத்து "வேண்டிக்கிறேம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவர் தோளில் இப்போது அந்த வீட்டின் வழக்கும் இருக்கிறது.