கரி போன பாதையும் நீர் நின்ற குழியும்

ஹௌராவில் காலை வண்டியேறி இராணிகஞ்சில் இறங்கும் நாம், கரிக்காகவே இடப்பெற்ற பாதையில் வந்தோம் என்பதை நினைப்பதில்லை. 1774-இல் சம்னர், ஹீட்லி என்னும் கம்பெனி ஊழியர் இருவர் அவ்வட்டாரத்தில் கரி தோண்டத் தொடங்கினர். 1836-இல் இராணிகஞ்சுச் சுரங்கத்தை விலைக்கு வாங்கியவர் துவாரகநாத் தாகூர். கவியரசர் இரவீந்திரரின் பாட்டனார். அந்நாளில் கரி, தாமோதர் ஆறு பெருகும் மாதங்களில் மட்டுமே படகேறிக் கல்கத்தா வந்தது. 1855 பிப்ரவரியில் 121 மைல் இருப்புப்பாதை அமைந்தபின் ஆற்றின் தயவு வேண்டாததாயிற்று.

கரி சென்றது, குழி நின்றது. கைவிட்ட திறந்தவெளிச் சுரங்கங்களில் மழைநீரும் ஊற்றுநீரும் தேங்கி ஏரிகளாயின. நிலையத்திலிருந்து பேருந்திலோ டோட்டோவிலோ சென்று, எஞ்சிய வழியை நடந்தே காணலாம். சிலவற்றில் மீன் வளர்க்கின்றனர். ஆயினும் நம்மூர் ஏரிக்குக் கரையுண்டு, மதகுண்டு, இவற்றிற்கு இரண்டுமில்லை. செங்குத்தாய் வெட்டிய மண் எப்போதும் சரியலாம். ஆதலின் குழந்தைகளுடன் செல்வோர் விளிம்பை விட்டு ஊர்ச்சாலை வழியே சுற்றுதல் நன்று.

மண்ணுக்கடியிலும் நீர் அஞ்சத்தக்கதே. 1989 நவம்பரில் இராணிகஞ்சு மகாவீர் சுரங்கத்துள் வெள்ளம் புகுந்தது. பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில், துளையிட்ட வழியே இரும்புக் கூண்டில் தாமே இறங்கி, 65 தொழிலாளரை ஒருவர்பின் ஒருவராக மேலேற்றினார். அறுவர் மீளவில்லை. அனைவரும் ஏறிய பின்னரே கில் வெளிவந்தார்.