நாதசுரம் கடையும் நரசிங்கம்பேட்டை

கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை நமது ஆலய வீதிகளில் நாதசுரம் ஒலியாத நாளில்லை. அளவெட்டி என். கே. பத்மநாதன் (1931–2003) அவர்களின் வாசிப்பையும், தவில் மேதை தட்சணாமூர்த்தி (1933–1975) அவர்களின் மேளச்சமாவையும் மூத்தோர் இன்றும் வியந்து பேசுவர். ஆயின், வாசிப்போரைப் போற்றும் நாம், குழலைக் கடைந்து கொடுப்போர் யாவர் என்று கேட்பது அரிது. அத்தகைய ஒரு பட்டறையின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் வழியில், ஆடுதுறையை அடுத்து நரசிங்கம்பேட்டை என்னும் சிற்றூர் உளது. அதன் அயலிலேயே திருவாவடுதுறை. நம் ஆறுமுக நாவலர் பெருமானுக்கு 1849 இல் ‘நாவலர்’ பட்டம் அளித்த ஆதீனம் இருப்பது அங்கேதான். ஒருபுறம் ஆதீனம், நாற்புறமும் சோழநாட்டுப் பெருங்கோயில்கள். குழல் கடையும் ஆசாரிமார் அவ்வூரில் வேரூன்றியதில் வியப்பில்லை.

அவர்கள் கையாளுவது ஆச்சா மரம். புதிதாய் வெட்டிய மரம் இத்தொழிலுக்கு உதவாது. காயக்காய முறுகும், வெடிக்கும். ஆகவே பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தூண்களையும் உத்திரங்களையும் தேடி வாங்குவர். எழுபது, நூறாண்டு கூரையைத் தாங்கி ஈரமெல்லாம் வற்றிய மரமே நாதம் தரும். அதனை அறுத்து, செதுக்கி, கடைசற் பட்டறையில் ஏற்றுவர். முற்காலத்தில் ஒருவர் கயிற்றை இழுத்துச் சுழற்ற, மற்றவர் உளி பிடிப்பார். உள்ளே துளையிடுவதுதான் கடினம். வாய்ப்பக்கம் ஒடுங்கி அடிப்பக்கம் விரியும் அத்துளை நூலளவு பிசகினும் சுரம் கெடும். மேலே விரல் வைக்க ஏழு துளைகள். கீழே நாதத்தைச் சீர்செய்ய ஐந்து. உலவு எனப்படும் இக்குழலின் அடியில் அணசைப் பொருத்துவர். வாயில் வைத்து ஊதும் சீவாளி, காவிரிக் கரையில் விளையும் கொறுக்கைத் தட்டையினால் ஆவது.

இவ்வூர்ப் பெயரைத் தமிழுலகெங்கும் பரப்பியவர் ரங்கநாத ஆசாரி என்பவர். அந்நாளில் பெருவழக்காயிருந்தது திமிரி நாதசுரம். குட்டையானது, நாலு, ஐந்து கட்டைச் சுருதியில் வீறிட்டொலிப்பது. ஒலிபெருக்கி இல்லாக் காலத்தில் வீதி கடந்து கேட்க அது ஏற்றதே. எனினும் அதிற் சுத்த மத்திமம் செம்மையாய்ப் பேசாது. வித்துவான்கள் உதட்டின் அழுத்தத்தால் ஒருவாறு சமாளித்தனர். திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) அவர்களோ தோடியை மணிக்கணக்காக விரிப்பவர். அவருடைய கற்பனைக்கு அக்குழல் போதவில்லை. தணிந்த சுருதியில், வாய்ப்பாட்டுப் போன்ற இழைவுடன் வாசிக்க அவர் விரும்பினார். அவ்விருப்பத்தை மரத்தில் நிறைவேற்றியவர் ஆசாரியே.

குழலை நீட்டினால் சுருதி தணியும். அது எவருக்கும் தெரியும். ஆனால் குழல் நீளும்போது துளைகளும் விலகும். மனித விரல்கள் நீளுமா? விரலுக்கும் எட்டவேண்டும், சுரமும் நிற்கவேண்டும். துளைகளின் இடத்தையும் அளவையும் உள்விட்டத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தே இதற்கு வழி காணவேண்டும். அவ்வாறு பிறந்தது பாரி நாதசுரம். இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதி. சுத்த மத்திமம் பிசகின்றி ஒலித்தது. பிள்ளையவர்கள் அதனை ஏந்தியபின் மற்றை வித்துவான்களும் அதையே நாடினர். இராஜரத்தினத்தின் புகழில் ஒரு பங்கு அந்தப் பட்டறைக்கும் உரியது என்பது எம் கருத்து.

ஈழத்துக்கும் இவ்வூர்க் குழல்கள் வந்தன. 1914 முதல் தலைமன்னாரிற் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கிப் புகையிரதத்தில் தஞ்சைநாடு சேர வழியிருந்தது. தமிழகத்து வித்துவான்கள் நம் திருவிழாக்களுக்கு வந்ததும், நம்மவர் அங்கு சென்று பயின்றதும் அக்காலத்தில் எளிதாயிருந்தன. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் வந்த யுத்தமோ போக்குவரத்தை முற்றாகவே குலைத்தது.

நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022 இல் இந்திய அரசின் புவிசார் குறியீடு கிடைத்தது. பிற இடத்தார் அப்பெயரை எடுத்தாளாதபடி அது காக்கும். ஆனால் முதிர்ந்த ஆச்சா மரம் அருகிவருகிறது. பழைய வீடுகள் எத்தனைதான் மிஞ்சியிருக்கும்? முன்னர் பல குடும்பங்கள் செய்த தொழிலை இன்று சில குடும்பங்களே செய்கின்றன. காதும் கையும் ஒருங்கே பழக ஆண்டுகள் பல செல்லும், வருவாயோ சொற்பம். பிள்ளைகள் வேறு தொழில் நாடுவதை நாம் குறைகூற முடியாது.

இணுவில், அளவெட்டி முதலிய ஊர்களில் முதிய வித்துவான்களின் வீடுகளிற் பழைய குழல்கள் இருக்கக்கூடும். இளைஞர்கள் அவ்வீடுகளுக்குச் சென்று, எந்தக் குழல் எந்தப் பட்டறையிலிருந்து எவர் மூலம் வந்தது என்று கேட்டெழுதி, அடுத்த ஆண்டு மலருக்கு உதவுவார்களாக.