பொய்ம்முயலும் வேட்டைநாயும்

கிரேஹவுண்டு நாய் மோப்பத்தால் வேட்டையாடுவதன்று, கண்ணால் வேட்டையாடுவது. ஓடும் பொருளைக் கண்டவுடன் அதன்பின் பாய்தல் அதற்கு எவரும் கற்பித்த வித்தையன்று; பிறவிக் குணம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க ஆசிரியர் அர்ரியன் இதனை நன்கு அறிந்திருந்தார். கெல்ட்டு மக்கள் வளர்த்த இவ்வகை நாய்களைப் பற்றி அவர் ஒரு வேட்டை நூல் இயற்றினார். உண்மையான வேட்டைக்காரர் முயலைக் கொல்லும் பொருட்டு நாயை ஏவுவதில்லை. ஓட்டப் போட்டியைக் காண்பதற்கே ஏவுவர். முயல் தப்பிவிட்டால் மகிழவும் செய்வர் என்பது அவர் கூற்று. நாய்க்கு மெத்தென்ற வெதுவெதுப்பான படுக்கை வேண்டும், மனிதரோடு உறங்கினால் இன்னும் நன்று என்றும் அவர் எழுதியிருப்பது வியப்புக்குரியது.

இங்கிலாந்தில் 1836இல் தொடங்கிய வாட்டர்லூ கோப்பைப் போட்டியில், நாய்கள் இரண்டிரண்டாக உயிர்முயலின் பின் விடப்பட்டன. முயலை விரைந்து நெருங்குவதற்கும் அதனைத் திசை திருப்புவதற்கும் புள்ளிகள் உண்டு. கொல்வது நோக்கமன்று என்றனர். ஆயினும் முயல்கள் மடிந்துகொண்டுதான் இருந்தன. 2004ஆம் ஆண்டுச் சட்டம் இதனைத் தடைசெய்தது. கடைசிக் கோப்பை நடந்தது 2005இல்.

முயலைக் காக்கும் வழியை அதற்கு நெடுங்காலம் முன்னரே ஓர் அமெரிக்கர் கண்டிருந்தார். முயல்கள் சாவதை விரும்பாத ஓவன் பேட்ரிக் ஸ்மித், இயந்திரத்தால் ஓடும் பொய்ம்முயலை அமைத்து, 1919இல் கலிபோர்னியாவின் எமரிவில்லில் பந்தயம் நடத்தினார். 1926 ஜூலை 24ஆம் நாள் அது மான்செஸ்டர் நகரின் பெல் வியூ அரங்கை அடைந்தது. முதற் பந்தயத்தில் 440 கெஜத்தை 25 விநாடிகளில் ஓடி வென்றது மிஸ்ட்லி என்னும் நாய். முன்னோடுவது பொம்மை என்பதை நாய்கள் அறிந்தனவோ, இல்லையோ! அறிந்தாலும் அவை பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

பொருட்படுத்தியவர்கள் மனிதர்களே. பந்தயத்தோடு சூதாட்டம் சேர்ந்தது. நாயின் வேகம் பணமாயிற்று. இரத்தச் சுவை கண்ட நாய்தான் முழுமூச்சாக ஓடும் என்ற நம்பிக்கை பயிற்சியாளர் சிலரிடம் வேரூன்றியது. ஆட்டும் துணிக்கும் இழுக்கும் தோலுக்கும் பாயும் குட்டிக்கு அது எதற்கு? எனினும் ஆஸ்திரேலியாவில் உயிருள்ள முயல்களையும் பன்றிக்குட்டிகளையும் போசம் என்னும் மரவிலங்கையும் கட்டி நாய்களுக்கு இரையாக்கிப் பழக்கியமை, 2015 பிப்ரவரியில் தொலைக்காட்சி வழியே அம்பலமாயிற்று. பொய்ம்முயல் காப்பாற்றிய உயிர் கொல்லைப்புறத்தில் பலியாயிற்று.

நாய்க்கும் நலம் விளையவில்லை. நியூ சவுத் வேல்சில் நீதிபதி மைக்கேல் மெக்ஹியூ தலைமையிலான விசாரணை 2016இல் தந்த கணக்கு இது: 12 ஆண்டுகளில் வளர்க்கப்பட்ட 97,783 நாய்களுள் குறைந்தது 48,891 போதிய வேகமின்மையால் கொல்லப்பட்டன. ஓடியவற்றுக்கும் வளைவுகளில் கேடு காத்திருந்தது. நேர்வெளியில் முயலைத் துரத்தப் பிறந்த உடல், இடப்புறமாகவே வளையும் பாதையில் ஓடுகையில் வலப் பின்னங்கால் கணுவெலும்பு முறிவது மருத்துவர் நன்கறிந்த காயம்.

அவ்வாண்டு ஜூலையில் அம்மாநிலம் அறிவித்த தடை, அக்டோபரிலேயே கைவிடப்பட்டது. புளோரிடா மக்கள் 2018இல் வாக்களித்து இப்பந்தயத்தை நிறுத்தினர். அதே ஆண்டு மக்காவ் பந்தயத்திடல் மூடப்பட்டபோது 500க்கும் மேற்பட்ட நாய்கள் அங்கே விடப்பட்டிருந்தன. அவற்றுக்குப் பல நாடுகளில் வீடு தேடவேண்டியதாயிற்று. ஓய்வுபெற்ற கிரேஹவுண்டு நாளின் பெரும்பகுதியை உறங்கியே கழிக்கும். ஆயினும் வளர்க்க முன்வருவோரிடம், திறந்த வெளியில் கழுத்துவாரை அவிழ்க்க வேண்டாம் என்றே சொல்லியனுப்புகின்றனர்.