வரப்போகும் புத்தகங்களும் 1826-ஆம் ஆண்டும்

மார்கழி பிறந்துவிட்டால் பதிப்பகத்தார் 'விரைவில் வெளிவரும்' என்று பட்டியல் போடத் தொடங்கிவிடுவார்கள். பொங்கலை ஒட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்காக இந்தப் பரபரப்பு. 1977-இல் மவுண்ட் ரோடு மதரஸா பள்ளி வளாகத்தில் சிறிய அளவில் தொடங்கிய காட்சி அது. தமிழ்ப் பட்டியல் போதாதென்று இப்போது இங்கிலீஷ் பட்டியலும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. என் பேரன் அதையெல்லாம் தேதிவாரியாகக் குறித்து வைப்பான், ஆபீசில் நான் இன்வர்ட் ரிஜிஸ்டர் எழுதியதைப் போல.

அவன் குறிப்பில் பெரும்பாலும் மூன்றே ரகம். ஒன்று, விண்வெளிக்குப் போகிற கதை. இரண்டு, மிருகங்கள் பேசும், ஆனால் குழந்தைக் கதை இல்லை. சூழ்ச்சியும் ரத்தமும் இருக்கும். மூன்று, உலகம் அழிந்த பிறகு மிஞ்சிய நாலு பேர் எப்படிப் பிழைக்கிறார்கள் என்கிற கதை. "இதெல்லாம் உங்க காலத்துல கிடையாது தாத்தா" என்பது அவன் கட்சி. இந்த மூன்றின் பூர்வீகத்தையும் எனக்குத் தெரிந்த மட்டும் சொல்லிப் பார்க்கிறேன். கட்சி நிற்கிறதா என்று படிக்கிறவர்கள் தீர்மானிக்கட்டும்.

விண்வெளியில் தொடங்குவோம். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். எங்களுக்கு இந்த ரகத்தின் வாத்தியார் ழூல் வெர்ன். 1865-இல் அவர் எழுதிய நாவலில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பூமிக்குள் 900 அடி ஆழத்துக்கு ஒரு பீரங்கியை வார்க்கிறார்கள். அதன் குண்டுக்குள் மூன்று பேர் உட்கார்ந்து நிலவுக்குப் புறப்படுகிறார்கள். நிஜத்தில் அப்படிச் சுட்டால் உள்ளே இருப்பவர்கள் அந்த நொடியே கூழாகிவிடுவார்கள். ஆனாலும் 104 ஆண்டு கழித்து, 1969-இல், அதே ஃபுளோரிடாவிலிருந்து மூன்று பேர் கிளம்பித்தான் நிலவுக்குப் போனார்கள். திரும்பி வந்து பசிபிக் கடலில் விழுந்தார்கள். வெர்ன் தன் ஆட்களை விழ வைத்த கடலும் அதுவே.

அந்த முதல் நாவல் முடியும்போது மூவரும் நிலவைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். பிழைத்தார்களா என்று தெரியாது. அடுத்த பாகம் பத்திரிகையில் தொடராக வந்தது 1869-இல். நாலு வருடம் வாசகர்கள் காத்துக் கிடந்தார்கள். நம் பக்கத்திலும் அந்தத் தவிப்பு உண்டு. எண்பதுகளில் ஆனந்த விகடனில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' வந்தபோது, ஜீனோ என்கிற இயந்திர நாய்க்கு என்ன ஆயிற்று என்று அடுத்த இதழுக்காகக் கடை வாசலில் நின்றவர்கள் இதைப் படிப்பவர்களில் பலர் இருப்பீர்கள்.

அடுத்தது மிருகக் கதை. இதில் நாம் கடன் வாங்கியவர்கள் இல்லை, கொடுத்தவர்கள். பள்ளியில் எங்களுக்கு லா ஃபோந்தேன் கதைப்பாட்டு மனப்பாடம். இரண்டு வாத்துகள் ஒரு குச்சியைக் கவ்வ, நடுவில் ஆமை தொங்கிக்கொண்டு பறக்கும். வாயைத் திறந்து பேசும், விழுந்து சாகும். வீட்டுக்கு வந்தால் பாட்டியும் அதே ஆமையைச் சொல்வார், வாத்துக்குப் பதில் அன்னம் என்று. யாரைப் பார்த்து யார் எழுதியது என்ற குழப்பம் பல நாள் இருந்தது. லா ஃபோந்தேனே 1678-இல் வெளியிட்ட தொகுதியின் முன்னுரையில் இந்தியப் பெரியவர் பில்பாய் என்பவருக்குத் தான் கடன்பட்டதைச் சொல்லியிருக்கிறார். அது பஞ்சதந்திரம். பாரசீகம், அரபி வழியாக நடந்து பாரிஸ் போய்ச் சேர்ந்திருக்கிறது.

பஞ்சதந்திரத்தை நீதிக்கதை என்று சொல்லிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டோம். முதல் தந்திரமான மித்திரபேதத்தை இன்று உட்கார்ந்து படித்துப் பாருங்கள். பிங்கலன் என்ற சிங்கமும் சஞ்சீவகன் என்ற எருதும் உயிர்த் தோழர்கள். தமனகன் என்ற நரி இருவரிடமும் மாறி மாறிக் கோள் சொல்லி, சிங்கத்தின் கையாலேயே எருதைக் கொல்ல வைக்கிறது. பிறகு நரிக்கு மந்திரிப் பதவி. தண்டனை ஏதும் இல்லை. எட்டாம் நூற்றாண்டில் இதை அரபியில் எழுதிய இப்னு அல் முகஃபாவுக்கு இந்த முடிவு பொறுக்கவில்லை போலும். நரியை விசாரித்துத் தண்டிக்கும் ஓர் அத்தியாயத்தையே புதிதாகச் சேர்த்தார். மூன்றாம் தந்திரத்தில் ஒரு காகம் அகதி வேஷம் போட்டு ஆந்தைகளின் குகையில் தங்குகிறது. வாசலில் கூடு கட்டுகிறேன் என்று சுள்ளி சேர்த்து, கடைசியில் நெருப்பு வைத்து ஆந்தைக் குலத்தையே எரிக்கிறது. இதைவிட இருட்டான மிருகக் கதையைப் பேரனின் பட்டியலில் நான் பார்க்கவில்லை.

இந்தப் பஞ்சதந்திரத்தைத் தமிழில் உரைநடையாக அச்சிட்டவர் தாண்டவராய முதலியார். சென்னைக் கல்விச் சங்கத்தில், அதாவது கும்பினி அதிகாரிகளுக்குத் தமிழ் கற்பிக்க 1812-இல் ஏற்பட்ட கல்லூரியில், தலைமைப் புலவராக இருந்தவர். மராட்டியிலிருந்து மொழிபெயர்த்தார். வெளிவந்த ஆண்டு 1826. அதே 1826-இல் பாரிஸில் இன்னொரு பஞ்சதந்திரம் வெளிவந்தது. அதை எழுதியவர் அபே துபுவா. 1792-இல் புதுச்சேரிக்கு வந்து, தென்னாட்டில் முப்பது ஆண்டுக்கு மேல் சுற்றித் திரிந்து, 1823-இல் பிரான்ஸ் திரும்பிய பாதிரியார். தமிழ், தெலுங்கு, கன்னடப் பிரதிகளை வைத்துக்கொண்டு பிரெஞ்சில் ஆக்கினார்.

1826-இல் இன்னொன்றும் நடந்தது. லண்டனில் மேரி ஷெல்லி 'கடைசி மனிதன்' என்ற நாவலை வெளியிட்டார். பட்டியலின் மூன்றாம் ரகத்துக்கு மூத்த நூல்களில் ஒன்று அது. இருபத்தோராம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு கொள்ளைநோய் வந்து மனித குலத்தை வாரிக்கொண்டு போகிறது. மிஞ்சுபவன் ஒரே ஒருவன். ஒரு நாய் மட்டும் துணை.

இந்தக் கற்பனை அந்தரத்திலிருந்து விழவில்லை. 1817-இல் வங்காளத்தில் கிளம்பிய வாந்திபேதி சில ஆண்டுகளில் சென்னை மாகாணத்தைத் தாண்டி இலங்கை, அரபு நாடு, ரஷ்ய எல்லை வரை போயிருந்தது. வீட்டுக்குள்ளும் அவருக்கு அடி மேல் அடி. குழந்தைகளைப் பறிகொடுத்தார். கணவர் 1822-இல் கடலில் படகு கவிழ்ந்து போனார். நண்பர் பைரன் 1824-இல் போனார். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் போன பிறகு தனியாக உட்கார்ந்து எழுதியவர் அந்த அம்மாள். புத்தகத்தை அன்று யாரும் மெச்சவில்லை. சுமார் 140 ஆண்டு மறந்து கிடந்து, 1965-இல்தான் மறுபதிப்பு கண்டது.

நம் மொழியில் இந்த ரகம் இன்னும் பழையது. மணிமேகலையில் புகார் நகரத்தைக் கடல் கொள்கிறது. அறவண அடிகளும் மாதவியும் சுதமதியும் உயிர் தப்பி ஊர் மாறிப் போகிறார்கள். காஞ்சியில் பஞ்சம். அங்கே மணிமேகலை அமுதசுரபியை ஏந்திக்கொண்டு போய்ப் பசித்தவர்க்கெல்லாம் சோறு போடுகிறாள். உலகம் அழிந்தபின் பிழைக்கிற இங்கிலீஷ் கதைகளில் முதலில் துப்பாக்கியைத் தேடுவார்கள். நம் கதையில் சோற்றுப் பாத்திரத்தைத் தேடுகிறார்கள். எனக்கு இந்த வித்தியாசம் பிடிக்கும்.

மூன்று ரகத்தையும் ஒரே புத்தகத்தில் பிசைந்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர், பியேர் பூல். 1963-இல் வந்த அவருடைய 'குரங்குகளின் கிரகம்' நாவலில் விண்கலமும் உண்டு, ஆளுகிற குரங்குகளும் உண்டு, வீழ்ந்துபோன மனிதனும் உண்டு. தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ராக்கெட் கிளம்பியதும் அதே 1963-இல்தான், நவம்பர் 21. இந்தப் பூல் இளமையில் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் இன்ஜினியராக இருந்தவர். அந்தக் காலத்து மலாயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம் ஜனங்கள். 1952-இல் அவர் எழுதிய 'க்வாய் நதிப் பாலம்' சயாம் மரண ரயில் பாதையைப் பற்றியது. ஜப்பானியர் போட்ட அந்தப் பாதையில் மலாயாத் தமிழர் பல்லாயிரம் பேர் செத்தார்கள். ஆனால் பூலின் கதையில் நடுநாயகமாக நிற்பவர் ஓர் ஆங்கிலேயக் கர்னல். அவர் அறிந்தது அவ்வளவு, அவர் எழுதினார். அந்தச் சாவைத் தமிழர் பக்கத்திலிருந்து சொல்ல மலேசியாவில் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று ஒரு தமிழ் நாவல் எழுத வேண்டியிருந்தது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. காட்டுப்பள்ளியை ஒரு தடவை மனதில் படமாகப் போட்டுப் பாருங்கள். கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காடு. பேரன் பட்டியல் போடும் மூன்று ரகமும் இந்தத் துண்டு மணலைச் சுற்றி நிஜமாகவே நடந்திருக்கிறது.

வடக்கே ஐம்பது கிலோமீட்டருக்குள் ஸ்ரீஹரிகோட்டா. 1971 அக்டோபர் 9-ஆம் தேதி அங்கிருந்து முதல் சிறு ராக்கெட் கிளம்பியது. 2023 ஜூலை 14-இல் சந்திரயான்-3 கிளம்பி, ஆகஸ்ட் 23-இல் நிலவின் தென்துருவத்துக்குப் பக்கத்தில் இறங்கியது. தளம் வருவதற்கு முன் அந்தத் தீவில் யானாதிகள் இருந்தார்கள். அவர்களை வேறிடத்துக்கு மாற்றினார்கள். ராக்கெட் விடும் நாளில் இன்ன பகுதிக்குப் போகாதே என்று மீனவர்களுக்கு அறிவிப்பு வரும். நிலவுக்குப் போன கதையில் அன்று வலை போடாத வீட்டுக் கதையும் ஒரு பக்கம்.

மிருகம் என்றால், 1942 ஏப்ரலை நினைக்க வேண்டும். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான மாதம். அரசு ஆபீஸ்கள் பல உள் மாவட்டங்களுக்குப் போயின. கூண்டு உடைந்தால் வெளியே வந்துவிடும் என்று சென்ட்ரலுக்குப் பக்கத்துப் பூங்காவில் இருந்த சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். எதிரியிடமிருந்து ஊரைக் காக்கும் முன்னேற்பாட்டில் முதலில் செத்தவை அவைதாம். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, இறக்கையெல்லாம் கறுத்துப்போன கூழைக்கடாக்களை இந்தப் பக்கத்தார் பார்த்தார்கள். தமனகன் யார், எருது யார் என்று அவரவர் யோசித்துக்கொள்ளலாம்.

பிழைத்திருத்தலோ, இங்கே நிலத்திலேயே எழுதியிருக்கிறது. பக்கிங்காம் கால்வாயில் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட துண்டை வெட்டியவர்கள், 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில் பட்டணத்துக்கு ஓடிவந்த எலும்பும் தோலுமான ஜனங்கள். நிவாரண வேலை என்று பெயர். 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தது. 2023-இலும் அதே டிசம்பர் 26, இரவு. எண்ணூரில் அமோனியா கசிந்து, பெரியகுப்பத்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். கப்பல் தளமும் துறைமுகமும் வந்தபோது காட்டுப்பள்ளிக் குப்பமே இடம் பெயர்ந்தது. பழைய குப்பத்தில் எந்த வீடு எங்கே இருந்தது, எந்த மாதம் எந்த மீன், முகத்துவாரம் எப்போது தூர்ந்தது என்று சொல்லக்கூடியவர்கள் இன்று எழுபது எண்பது வயதில் இருக்கிறார்கள். அவர்களும் போய்விட்டால் கேட்க ஆள் கிடையாது.

இந்தக் கரையை வைத்து ஒருநாள் யாராவது பெரிய நாவல் எழுதத்தான் போகிறார்கள். ராக்கெட், பறவை, வெள்ளம் எல்லாம் அதில் இருக்கும். எழுதுகிறவர் வெளியூர்க்காரராக இருந்தால் க்வாய் பாலத்தில் நடந்தது இங்கேயும் நடக்கும்; கர்னல் ஒருவர் நடுவில் நிற்பார். அதற்கு நாவலாசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கைக்குச் சரக்கு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

மேரி ஷெல்லியின் கடைசி மனிதன் ரோமாபுரிக்குப் போய்ச் சேர்கிறான். பெரிய கோயில் உச்சிக்கு ஏறி 2100 என்று ஆண்டைச் செதுக்குகிறான். நடந்ததை எல்லாம் உட்கார்ந்து எழுதவும் செய்கிறான். படிக்க உலகத்தில் ஓர் ஆள்கூட மிச்சமில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறான். நம் நிலைமை அவ்வளவு மோசமில்லை. படிக்கப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், புதுப் புத்தகம் எப்போது வரும் என்று தேதி குறித்துக்கொண்டு. ஆகவே பெரியவர்களே, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். குப்பத்தின் பெயர், தெருவின் பெயர், வருஷம், பார்த்தது, இவ்வளவு போதும். நடை எல்லாம் பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.