ஓக் பள்ளி கற்பித்த பாடம்

ஒரு தொடக்கப் பள்ளியின் தேர்ச்சி குறைந்தால், காரணம் தேடுவோர் முதலில் புரட்டிப் பார்ப்பது மாணவர் சேர்க்கைப் பதிவேட்டைத்தான். பெற்றோர் கூலித் தொழிலாளர். வீட்டில் வழங்கும் மொழி வேறு. குடும்பங்கள் அடிக்கடி இடம் மாறுகின்றன. இவ்வளவும் தெரிந்த பின், இத்தகைய பிள்ளைகளிடம் இதற்கு மேல் என்ன எதிர்பார்ப்பது என்னும் முடிவு எளிதில் பிறந்து விடுகிறது. அம்முடிவு பிள்ளைகளின் நிலையைக் கூறுவதுடன் நிற்கிறதா, அல்லது அந்நிலையை உண்டாக்கவும் செய்கிறதா? இவ்வினாவை 1960-களில் அமெரிக்க நாட்டின் அரசினர் தொடக்கப் பள்ளி ஒன்று எழுப்பியது. ‘ஓக் பள்ளி’ என்னும் புனைபெயரால் அறியப்படும் அப்பள்ளியின் வரலாறு ஆசிரியர் ஒவ்வொருவரும் அறியத்தக்கது. அதன்மீது எழுந்த மறுப்புகளும் அவ்வாறே அறியத்தக்கன.

பள்ளியும் பிள்ளைகளும்

கலிபோர்னியா மாநிலத்தின் தென் சான்பிரான்சிஸ்கோ நகரில், வருவாய் குறைந்த குடும்பங்கள் வாழ்ந்த பகுதியில் இப்பள்ளி இருந்தது. பயின்றோர் ஏறத்தாழ 650 பேர். ஆண்டுதோறும் ஏறக்குறைய 200 பேர் விலக, அதே அளவினர் புதிதாய்ச் சேர்ந்தனர். ஆறில் ஒரு பங்கினர் மெக்சிகோ மரபினர்.

ஆறு வகுப்புகளும், ஒவ்வொன்றும் விரைவு, நடு, மெது என மூன்று பிரிவுகளாகப் பகுக்கப்பட்டிருந்தன. பிள்ளைகளை இப்பிரிவுகளில் சேர்ப்பதற்குப் பெரிதும் வாசிப்புத் திறனே அளவுகோலாயிற்று. அஃது ஆங்கில வாசிப்பு என்பதை மறத்தலாகாது. மெக்சிகோ மரபுப் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் தங்கள் தொகைக்கு மிஞ்சி மெதுப் பிரிவில் காணப்பட்டனர்.

ஆய்வு பிறந்த விதம்

ஹார்வர்டு பல்கலைக்கழக உளநூல் அறிஞர் இராபர்ட் ரோசந்தால் (1933–2024) முன்னர் எலிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நிகழ்த்தியிருந்தார். ஒரே தரத்து எலிகளை மாணவர் சிலரிடம் கொடுத்து, ஒரு சாராரிடம் ‘இவை கூரிய எலிகள்’ என்றும், மறுசாராரிடம் ‘இவை மந்த எலிகள்’ என்றும் கூறினார். கூரியவை எனப்பட்ட எலிகளே சிக்கல் வழிகளை விரைவிற் கற்றன. 1963-இல் அவர் எழுதிய கட்டுரையைப் படித்த லெனோர் ஜேக்கப்சன் என்னும் பள்ளித் தலைமையாசிரியை, இதனைப் பள்ளிப் பிள்ளைகளிடமும் ஆராயலாமே என்று அவருக்கு மடல் எழுதினார். அம்மடலே ஓக் பள்ளி ஆய்வுக்கு வித்து.

1964-ஆம் ஆண்டின் இளவேனிற் பருவத்தில் பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு வைக்கப்பட்டது. உண்மையில் அது பொது அறிவாற்றலை அளக்கும் தேர்வு. ஆனால் விரைவில் மலரவிருக்கும் பிள்ளைகளை முன்கூட்டியே காட்டவல்ல புதிய தேர்வு என்று ஆசிரியர்களிடம் கூறப்பட்டது. புதிய பள்ளியாண்டின் தொடக்கத்தில், மாணவருள் ஏறத்தாழ 20 விழுக்காட்டினரின் பெயர்கள் அவர்களிடம் தரப்பட்டன. அப்பெயர்களோ தேர்வின் முடிவைப் பாராமல், குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டவை. பெயர் குறிக்கப்பட்ட பிள்ளைக்கும் குறிக்கப்படாத பிள்ளைக்கும் இடையே இருந்த வேறுபாடு ஆசிரியரின் உள்ளத்தில் மட்டுமே இருந்தது.

கண்ட முடிவுகள்

ஓராண்டு கழித்து அதே தேர்வு மீண்டும் வைக்கப்பட்டது. முதல் வகுப்பில், குறிக்கப்பட்ட பிள்ளைகளின் நுண்ணறிவு ஈவு சராசரி 27.4 புள்ளி உயர்ந்தது, ஏனையோருக்கு 12.0. இரண்டாம் வகுப்பில் இவ்வுயர்வு முறையே 16.5, 7.0. மேல் வகுப்புகளில் இத்தகைய தெளிவான வேறுபாடு இல்லை. பள்ளி முழுமைக்கும் சேர்த்துப் பார்த்தால், ஒரு சாராருக்கு 12.2, மறுசாராருக்கு 8.4.

மெக்சிகோ மரபுச் சிறுவருள், தோற்றத்தில் அம்மரபு மிகுதியாய்த் தெரிந்தவர்கள் இந்த நம்பிக்கையால் மிகுதியாய்ப் பயன் பெற்றனர். ஆசிரியர் அவர்களிடம் முன்பு மிகக் குறைவாகவே எதிர்பார்த்திருக்கக் கூடும். அதனால்தான் மாற்றமும் மிகுதியாயிற்று போலும் என ஆய்வாளர் கருதினர்.

இவற்றினும் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. பெயர் குறிக்கப்படாத பிள்ளைகளிலும் பலர் தாமாகவே முன்னேறினர். ஆனால் மெதுப் பிரிவைச் சேர்ந்த அத்தகைய பிள்ளைகள் எவ்வளவு முன்னேறினரோ, அவ்வளவுக்கு ஆசிரியரின் மதிப்பில் தாழ்ந்தனர். எதிர்பார்த்த வளர்ச்சி பாராட்டப்பட்டது. எதிர்பாராத வளர்ச்சி விரும்பப்படவில்லை.

புகழும் மறுப்பும்

வறிய பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளுக்கு நடுவண் அரசின் பொருளுதவி வழங்கும் சட்டம் 1965-இல் அமெரிக்காவில் நிறைவேறியது. மாணவர் தேர்ச்சியில் பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பச் சூழலே மிகுதியாய்த் தொடர்புடையது என 1966-இல் ஜேம்ஸ் கோல்மன் குழுவினரின் அறிக்கை கூறியது. குறை குடும்பத்திலா, பள்ளியிலா என்று நாடே வாதிட்ட அந்நாளில், 1968-இல் ரோசந்தாலும் ஜேக்கப்சனும் தங்கள் நூலை வெளியிட்டனர். தான் செதுக்கிய சிலைமீது காதல் கொண்டு, அஃது உயிர் பெறக் கண்ட கிரேக்கக் கதையின் சிற்பி ‘பிக்மாலியன்’ பெயரையே அதற்குச் சூட்டினர். செய்தித்தாள்கள் அதனைப் பெரிதும் கொண்டாடின.

அளவை நூல் வல்லுநர் கொண்டாடவில்லை. இராபர்ட் தார்ண்டைக் அவ்வாண்டிலேயே கடுமையாக மறுத்தார். 19 பிள்ளைகள் கொண்ட ஒரு வகுப்பில், தேர்வின் ஒரு பகுதியில் சராசரி ஈவு 31 என வந்திருந்தது. பள்ளிக்கு வந்து பயிலும் பிள்ளைகளுக்கு அவ்வளவு குறைந்த எண் பொருந்தாது. ஆகவே அளவுகோலே பழுதுடையது என்றார். முதல் வகுப்பில் குறிக்கப்பட்டோர் 7 பேர், இரண்டாம் வகுப்பில் 12 பேர் மட்டுமே என்பதும் எண்ணத்தக்கது. ஆசிரியர் பலர் அப்பட்டியலை ஒருமுறை நோக்கியதோடு சரி என்பதும் தெரிய வந்தது.

பின்னர் வந்த ஆய்வுகள் உண்மையை அதற்குரிய அளவில் நிறுத்தின. 1984-இல் ஸ்டீபன் ராடன்புஷ் 18 ஆய்வுகளை ஒப்பிட்டார். பிள்ளைகளுடன் இரண்டு வாரத்திற்கு மேல் பழகிய ஆசிரியரிடம் இத்தகைய பொய்ச் செய்தி ஏறக்குறைய எவ்விளைவும் தரவில்லை. பழகும் முன்னரே செய்தி பெற்ற ஆசிரியரிடமே விளைவு தோன்றியது. 2005-இல் ஜஸ்ஸிம், ஹார்பர் என்னும் இருவர், இவ்விளைவு பொதுவாகச் சிறியது என்றும், சமூகத்தில் தாழ்வாக எண்ணப்படும் குழுவினரிடம் அது பெரிதாகலாம் என்றும் முடிவு கூறினர்.

ஆசிரியர்க்குரிய பாடம்

ஆகவே, நம்பிக்கை ஒன்றே ஏழ்மையை வென்று விடும் என்று ஓக் பள்ளியைச் சான்று காட்டுவது பிழை. பசியும் நோயும் இடப்பெயர்ச்சியும் ஆசிரியரின் எண்ணத்தால் மறைவன அல்ல. அவற்றைக் களையும் கடமையை அரசும் சமூகமும் ஆசிரியர் தலையில் சுமத்திவிட்டு விலகுதல் ஆகாது.

எனினும் அவ்வாய்வைப் பொய்யெனத் தள்ளுவதும் பிழையே. அளக்கும் கருவியும் தீர்ப்பும் பிள்ளையின் மொழியைப் பொறுத்து மாறுவதை அதே கலிபோர்னியா பின்னர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஆங்கிலத் தேர்வைக் கொண்டு மந்த அறிவினர் வகுப்பிற் சேர்க்கப்பட்ட மெக்சிகோ மரபுப் பிள்ளைகளின் சார்பில் வழக்கு எழுந்தது. 1970-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, இத்தகைய பிள்ளைகளைத் தாய்மொழியிலும் சோதித்தல் வேண்டும் என்றாயிற்று.

ஆண்டின் முதல் இரு வாரங்கள் ஆசிரியர் கையில் உள்ளவை. அந்நாட்களில் முன்னைய ஆசிரியரின் குறிப்பையும் தந்தையின் தொழிலையும் சற்றே ஒதுக்கி வைத்து, பிள்ளையையே நேரில் அறிந்துகொள்ள முயல்வது பயன் தரும். பின் வரிசையில் இருப்பவன் ஒரு நாள் எதிர்பாராமல் சரியான விடை கூறும்போது, யாரைப் பார்த்து எழுதினாய் என்று கேளாதிருத்தல் அதனினும் முதன்மையானது. பதிவேடு பிள்ளை எங்கிருந்து வந்தான் என்பதைக் கூறும். எவ்வளவு தொலைவு செல்வான் என்பதைக் கூறாது.