பொது வடிவம் தேடிய படங்கள்

ஒரு கணிப்பொறியில் தீட்டிய படம் மற்றொரு கணிப்பொறியில் திறவாமல் கிடந்த காலம் ஒன்று உண்டு. 1980களில் ஆப்பிள், ஐ.பி.எம்., கமடோர், அட்டாரி எனப் பலவகைக் கணிப்பொறிகள் இல்லங்களில் புகுந்தன. ஆங்கில எழுத்துகளுக்கு ஆஸ்கி என்னும் பொதுக் குறியீடு இருந்தது. படங்களையோ ஒவ்வொரு பொறியும் தனக்குரிய முறையிலேயே சேமித்தது.

இக்குறையைப் போக்க, அமெரிக்கக் கணிப்பொறிச் சேவை நிறுவனமான கம்ப்யூசர்வ் 1987 ஜூனில் 'கிஃப்' என்னும் கோப்பு வடிவத்தை வெளியிட்டது. ஸ்டீவ் வில்ஹைட் தலைமையில் உருவான அது 256 வண்ணங்கள் வரை ஏற்றது. படத்தைச் சுருக்கித் தொலைபேசிக் கம்பி வழியே விரைவாக அனுப்பவும் உதவியது. அதன் இலக்கணத்தை எவரும் பெற்றுக் கையாள இயன்றமையால், அது எல்லாப் பொறிகளுக்கும் பொதுவாயிற்று.

ஆயினும் அப்பொதுமைக்குள் தனியுடைமை ஒன்று உறைந்திருந்தது. கிஃப் கையாண்ட சுருக்கல் முறையை டெர்ரி வெல்ச் 1984இல் கட்டுரையாக வெளியிட்டிருந்தார். அம்முறைக்கு 1985இல் காப்புரிமை வழங்கப்பட்டது. அது பின்னர் யூனிசிஸ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. இதனை அறியாமலே கம்ப்யூசர்வ் அம்முறையைத் தேர்ந்திருந்தது. கிஃப் மென்பொருள் ஆக்குவோர் உரிமம் பெற வேண்டும் என்ற அறிவிப்பு 1994 டிசம்பர் இறுதியில் வெளியானபோது, படைப்பாளர்கள் திகைத்தனர்.

திகைப்பு விரைவில் செயலாயிற்று. 1995 ஜனவரி 4 அன்று தாமஸ் பூட்டெல் மாற்று வடிவம் ஒன்றின் முதல் வரைவை முன்வைத்தார். ஆர்வலர் பலர் மின்னஞ்சல் வழியே வாதிட்டு வளர்த்த அவ்வடிவமே 'பி.என்.ஜி.' ஆகும். 1996 அக்டோபர் 1 அன்று அது உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாயிற்று.

பொறிகளின் வேற்றுமையை அவர்கள் எவ்வளவு கூர்ந்து நோக்கினர் என்பதற்குக் கோப்பின் முதல் எட்டு பைட்டுகளே சான்று. ஒரு வரி முடிவதை டாஸ் இரு குறிகளாலும், யூனிக்ஸும் பழைய மாக்கின்டாஷும் வெவ்வேறு ஒற்றைக் குறிகளாலும் காட்டின. ஒரு பொறியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் கோப்பில் இக்குறிகள் மாற்றப்பட்டால் படம் சிதையும். ஆகவே அக்குறிகளையே முகப்பில் பொதித்தனர். இடைவழியில் அவை மாறினால், படத்தைத் திறக்கும் முன்னரே பழுது வெளிப்பட்டுவிடும்.

நல்ல வடிவம் பிறந்ததும் உலகம் அதனை உடனே ஏற்றுவிடவில்லை. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவி, பி.என்.ஜி.யின் ஒளி ஊடுருவும் தன்மையை 2006இல் வந்த ஏழாம் பதிப்பிலேதான் செவ்வனே காட்டியது. கிஃப்பும் அழிந்துவிடவில்லை. அமெரிக்கக் காப்புரிமை 2003 ஜூனில் காலாவதியாயிற்று. அசையும் படங்களால் அவ்வடிவம் இன்றும் வாழ்கிறது.

பலர் கையாள்வதனால் மட்டும் ஒரு வடிவம் பொதுவுடைமை ஆகிவிடாது. அதைக் கையாள எவரிடமும் இசைவு வேண்டி நிற்க வேண்டாத நிலையே அதனைப் பொதுவாக்குகிறது. ஏழாண்டுப் பழக்கத்திற்குப் பின் வந்த ஓர் அறிவிப்பு அவ்வுண்மையைப் படம் வரைவோர்க்கு உணர்த்திற்று.